கோரோடு கட்டப்பட்ட நிரல்கள்

ஒரு நிரல் செயலியின் இந்தக் கோரில்தான் ஓட வேண்டும் என்று கட்டிப்போடுவதை வேண்டாத வேலை என்பவர்கள் உண்டு. வேலையைப் பங்கிட இயங்குதளத்தில் ஷெட்யூலர் இருக்கும்போது மனிதர் ஏன் நடுவில் புக வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தால், இந்தப் பழக்கம் மனம்போன போக்கில் தலைதூக்கியதாகத் தெரியவில்லை. செயலிகள் எல்லாம் சமம் என்று ஷெட்யூலர் போட்ட கணக்கை வன்பொருள் பொய்யாக்கிய போதெல்லாம்தான் அது திரும்பி வந்திருக்கிறது.

தொடக்கத்தில் சமம் என்ற பேச்சே இல்லை. டிஜிட்டல் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த வாக்ஸ்-11/782 கணினியில் இரண்டு செயலிகள் இருந்தன. டிஸ்க், டெர்மினல் வேலையெல்லாம் முதலாவதன் பொறுப்பு. இரண்டாவது கணக்குப் போட மட்டுமே. 1988இல் வந்த, அந்நிறுவனத்தின் இயங்குதளமான வி.எம்.எஸ். 5.0 இந்த ஏற்றத்தாழ்வை நீக்கியது. வி.எம்.எஸ்.ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவ் கட்லர் பின்பு மைக்ரோசாஃப்டுக்குப் போய் வடிவமைத்த விண்டோஸ் என்.டி. 1993இல் வெளியானது. செயலிகள் எல்லாம் சமம் என்பதே அதன் அடிப்படை. ஆனாலும் விலக்குக்கு ஒரு வழியை வைத்திருந்தார்கள்: நிரல் எந்தச் செயலிகளில் ஓடலாம் என்று சொல்லும், செயலிக்கு ஒரு பிட் வீதம் அமைந்த ஓர் எண். 1 என்றால் முதல் செயலி மட்டும். 3 என்றால் முதல் இரண்டு. 5 என்றால் முதலாவதும் மூன்றாவதும்.

அந்த விலக்கால் பயன் உண்டா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. ஒரு செயலியில் ஓடிய நிரலின் தரவு அதன் கேஷில், அதாவது செயலியை ஒட்டிய சிறிய வேக நினைவகத்தில், தங்கிவிடுகிறது. வேறு செயலிக்கு மாற்றினால் எல்லாவற்றையும் நினைவகத்திலிருந்து மறுபடி இழுக்க வேண்டும். இதனால் பெரிய நஷ்டமில்லை என்று 1991இல் வாஸ்வானியும் ஜஹோர்ஜானும் சீக்வென்ட் சிமெட்ரி கணினியில் அளந்து சொன்னார்கள். கேஷைக் கணக்கில் கொண்டால் ஆதாயம் உண்டு என்று 1993இல் ஸ்குவில்லான்டேயும் லசோவ்ஸ்காவும் வாதிட்டார்கள். முதல் அளவீட்டில் குறையில்லை என்றே கொள்ளலாம். ஆனால் அது அன்றைய இயந்திரங்களுக்கான முடிவு, அவர்களும் அப்படித்தான் வரையறுத்தார்கள். செயலியின் வேகத்துக்கு நினைவகம் ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கப் பின்தங்க, அந்த நஷ்டம் கூடிக்கொண்டே போனது.

எல்லா நேரமும் காரணம் வேகம்தான் என்றும் சொல்ல முடியாது. 2005இல் இரட்டைக் கோர் செயலிகள் வீட்டுக் கணினிக்கு வந்தபோது சில விளையாட்டுகள் தாறுமாறாக ஓடின. நேரம் பார்க்க அவை நம்பிய சுழற்சி எண்ணி ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வசதி அவற்றின் ஒத்திசைவைக் குலைத்தது. ஒரு கோரில் நேரம் பார்த்த விளையாட்டு அடுத்த முறை மற்றதில் பார்த்தால் காலம் பின்னோக்கிப் போயிருக்கும்! டாஸ்க் மேனேஜரில் ஒரு கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டால் சரியாகும். காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது கோரை அந்த விளையாட்டுக்கு வேண்டாம் என்று விளையாடியவர்கள் தாங்களே ஒதுக்கினார்கள்.

கட்டிப்போடுவதே கெடுதல் என்போர் 2016இல் வெளியான ஓர் ஆய்வைக் காட்டலாம். 64 கோர் கொண்ட கணினியில், வேலை வரிசையில் காத்திருக்க, லினக்ஸ் ஷெட்யூலர் சில கோர்களைச் சும்மா விட்டுவைத்ததை அது கண்டுபிடித்தது. ஒன்றுக்கொன்று நேர் இணைப்பில்லாத இரு கோர்க் குழுக்களில் நிரலை ‘டாஸ்க்செட்’ கட்டளையால் கட்டியபோதுதான் அதில் ஒரு பிழை வெளிப்பட்டது. ஆனால் பிழை கட்டளையில் இல்லை. ஷெட்யூலர் கோர்களைக் குழுவாகப் பிரித்தது 0ஆம் கோரின் இடத்திலிருந்து பார்த்து. அதையே மற்றக் கோர்களுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டது. சமம் என்ற அதே பழைய அனுமானம்தான்.

கிராபிக்ஸ் கார்டுகளுக்கு அந்த அனுமானத்தை வைத்துக்கொள்ளவும் ஷெட்யூலர் இல்லை. ஓடுகிற நிரலை ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குத் தானாக மாற்றும் ஏற்பாடு வழக்கத்தில் வரவேயில்லை. 2012இல் படங்களை அடையாளம் காணும் அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலைப்பின்னலை உருவாக்கியவர்களிடம் இருந்தவை தலா 3 ஜி.பி. நினைவகம் கொண்ட இரண்டு ஜி.டி.எக்ஸ். 580 கார்டுகள். ஒன்றில் அடங்காத வலைப்பின்னலைத் தாங்களே இரண்டாக வெட்டி, சில அடுக்குகளில் மட்டும் இரு பாதிகளும் பேசிக்கொள்ளும்படி வைத்தார்கள். முதல் அடுக்கில் ஒரு கார்டு பெரும்பாலும் நிறம் சாராத வடிவங்களையும் மற்றது நிறங்களையும் கற்றுக்கொண்டது. எத்தனை முறை பயிற்சி கொடுத்தாலும் அந்தப் பிரிவு வந்தது. இன்றும் பல கார்டு உள்ள கணினியில் எண்ணைக் கொடுத்துத்தான் கார்டைத் தேர்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல்: கார்டுகளில் நிரல் ஓட்ட என்விடியா தரும் கூடா தன் வழக்கப்படி வேகமான கார்டை 0 என்று எண்ணத் தொடங்கும், கார்டுகளின் நிலவரம் காட்டும் என்விடியாவின் கருவியோ பி.சி.ஐ. வரிசையில் எண்ணும். வெவ்வேறு வகைக் கார்டுகள் கலந்த கணினியில், கருவி சும்மா இருப்பதாகக் காட்டிய 1ஆம் கார்டைக் கேட்டவரின் நிரல், வேறொருவரின் வேலை ஓடும் கார்டில் போய் இறங்கக்கூடும்.