கீமோவுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி

1/ கல்வராயன் மலையில இருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வர்ற இளவயசு கேன்சர் நோயாளி முதல்ல கேட்கிறது, "பொழைச்சுக்குவேனா டாக்டர்?" அடுத்த கேள்வி மனசுக்குள்ளேயே நின்னுடும்: "நாளைக்கு எனக்குக் குழந்தை பிறக்குமா?"

2/ சில கீமோ மருந்துகளும், இடுப்புப் பகுதிக்குக் கொடுக்கும் கதிர்வீச்சும் விந்தணுவையும் கருமுட்டையையும் அழிக்கலாம். ஆனா முன்கூட்டியே எடுத்து உறைய வைக்க முடியும். இது ஒண்ணும் புதுசு இல்லைங்க.

3/ 1953: உறைய வைத்த விந்தணுவால் கரு உண்டானதை அமெரிக்காவின் அயோவாவில் அறிவித்தார்கள்.

4/ 1978: கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், உறைய வைத்த கருவிலிருந்து 'துர்கா' என்ற குழந்தையைப் பிறக்க வைத்தார். அரசு அமைத்த குழு நம்பலை. 1981-ல் அவர் இறந்துட்டார். அங்கீகாரம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு.

5/ 2004: பெல்ஜியத்தில் நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒரு பெண் தாயானார். கீமோவுக்கு முன்னாடி, 1997-லேயே அவரோட சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வெச்சிருந்தாங்க.

6/ விந்தணு சேமிக்க ஓரிரு நாள் போதும். கருமுட்டைக்குச் சுமார் ரெண்டு வாரம். அதனால முதல் கீமோவுக்கு முன்னாடியே கேளுங்க. நாங்க சொல்ல மறந்தாலும், கூச்சப்படாம நீங்க கேளுங்க.