தேரில் வராத அழகர்

மாடல் ரயில் விளையாட்டில் ஒரு வழக்கம்: தூக்கிச் செல்லும் எடையில் மேசைத் துண்டை அவரவர் வீட்டில் செய்யலாம், சேரும் முனை மட்டும் பொது அளவில் இருக்கணும். அழகர் திருவிழாவும் ஏறக்குறைய இப்படித்தான்.

அழகர்கோவிலில் தேர் உண்டு. ஆடியில் ஓடும், அங்கேயே நின்றுவிடும். சித்திரையில் சுமார் 20 கிலோமீட்டர் தாண்டி மதுரைக்கு வருவது பல்லக்கு. தோள் மாற்றித் தோள் தூக்கலாம், வழியில் எந்த மண்டகப்படியிலும் இறக்கலாம். மற்றதெல்லாம் ஊர் ஊராகச் சேரும்: தல்லாகுளத்தில் தங்கக் குதிரை, வண்டியூரில் சேஷ வாகனம்.

முன்பு தேனூரில் ஆற்றில் இறங்கியவரைத் திருமலை நாயக்கர் (1623–1659) மதுரைக்குத் திருப்பினார் என்பார்கள். தேராக இருந்தால் அது லேசில் நடந்திருக்குமா என்ன! பாதை மாறியும் தேனூர்த் துண்டு கழன்றுவிடவில்லை. வண்டியூர்ப் பக்கம் வைகையில் நிற்கும் மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க அழகர் கருடன் மேல் எழுந்தருள்வது இன்றும் அங்கேதான்.