கடாரத்தில் பௌத்தக் கல்வித்துணை

பௌத்தக் கல்வித்துணை என்பது, கற்க வந்தவர்களுக்கு உறைவிடம், வழிபாடு, துக்கத்தில் ஆறுதல், ஐயத்தில் விளக்கம் ஆகியவற்றைப் பௌத்தத் துறவிகளும் இல்லறத்தாரும் அளிக்கும் ஏற்பாடு. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில இதற்கெனச் சமயத் துணைவர்களை அமர்த்துகின்றன. மலேசியாவில் மாணவர் சங்கங்களும் ஊர் விகாரைகளுமே பெரும்பாலும் இப்பணியைப் பார்த்துவருகின்றன. ஆயினும் கெடா மாநில மண்ணில் இதன் வேர், இன்றைய பல்கலைக்கழகங்களைவிட மிகப் பழையது.

அந்த வேரைத் தேடப் புக்கிட் செலம்பாவிலிருந்து தொடங்கலாம். அது கெடாவின் கோல மூடா மாவட்டத்தில் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர். அதே மாவட்டத்தில்தான் மெர்போக் ஆற்றையும் மூடா ஆற்றையும் ஒட்டிப் புஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகள் எனப்படும் பழங்கோயில் இடிபாடுகள் சிதறிக் கிடக்கின்றன. தமிழர் கடாரம் என்றது இந்தக் கரையை. கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டிய பௌத்தக் கல்வெட்டுகள் புக்கிட் மெரியாமிலும் சுங்கை மாஸிலும் கிடைத்துள்ளன. அறியாமையால் வினை சேர்கிறது, வினையால் பிறவி வருகிறது, அறிவு வந்தால் வினை சேராது என்பது அவற்றில் பொறித்த செய்யுளின் கருத்து. தெற்கே செபராங் பிறையில் 1834இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்லிலும் அதே செய்யுள் உண்டு. அதில் அடுக்குக் குடைகளுடன் ஒரு தூபி செதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் புத்தகுப்தன் என்ற மாநாவிகனின் (பெரும் கப்பல் தலைவனின்) பெயரும், பயணம் நலமாக முடியவேண்டும் என்ற வேண்டுதலும் உள்ளன.

இக்கரைக்கு வந்தவர்களில் மாணவர் என்று நாம் ஐயமின்றிச் சொல்லத்தக்கவர் சீனத் துறவி யிஜிங். 671இல் காண்டனிலிருந்து கப்பலேறி, சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் சமஸ்கிருத இலக்கணம் படித்து, மலாயு வழியாகக் கடாரம் வந்து, அங்கிருந்து வங்கக் கடலைக் கடந்து இந்தியாவின் நாளந்தா மகாவிகாரைக்குப் போனார். இந்தியா செல்லும் சீனத் துறவிகள் முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டுகள் தங்கிப் பயில்வது நல்லது என்று பின்னர் எழுதினார். அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட துறவிகள் இருந்தனர் என்பதும் அவர் தரும் செய்தி. கடல்வழியில் இருந்த இத்துறைகள் நாளந்தாவின் வாசல்படியாக விளங்கின.

இப்படிக் கற்க வந்தவர்களுக்கான செலவை யார் ஏற்றது? ஏறத்தாழ 860இல் வெட்டப்பட்ட நாளந்தாச் செப்பேடு விடை சொல்கிறது. சுவர்ணத்வீபத்து அரசன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரை கட்டினான். அவன் கேட்டுக்கொண்டபடி பாலப் பேரரசன் தேவபாலன் அதற்கு ஐந்து ஊர்களை மானியமாக விட்டான். துறவிகளின் உணவு, உடை, படுக்கை, நோயுற்றவர்க்கு மருந்து, ஏடு படியெடுத்தல், கட்டடப் பழுது எனச் செலவினங்களைச் செப்பேடே பட்டியலிடுகிறது. விடுதி மேலாளர் ஒருவர் இன்று எழுதினாலும் இதைவிடத் தெளிவாக எழுதமாட்டார்.

தமிழகத்தில் இதற்கு இணை நாகப்பட்டினம் சூளாமணி விகாரை. ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மன் பெயரால் அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதைக் கட்டி முடித்தான். சோழ மன்னன் முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்கு அளித்தான். 1025இல் அவன் மகன் இராசேந்திரன் கடாரத்தின்மேல் படையெடுத்தும் அறக்கொடை முறியவில்லை. 1090இல் கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்க, முதலாம் குலோத்துங்கன் விகாரை ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். நம் மேடைகளில் கடாரம் என்றதும் வாளும் கப்பலும்தான் வருகின்றன. இந்த மானியத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

அதன்பின் நெடுங்காலம் இவ்வரலாறு மெலிந்தே செல்கிறது. கெடாவில் பௌத்தம் வாட் எனப்படும் சயாமிய விகாரைகளிலும் சீனக் குடிகளிடமும் தங்கியது.

புதிய தொடக்கம் 1950களில். இலங்கையில் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கே. ஸ்ரீ தம்மானந்த தேரர் 1952இல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் விகாரைக்கு வந்தார். ஆங்கிலம் படித்த இளைஞருக்கு விளங்கும்படி எழுதியும் பேசியும் வந்ததோடு, 1962இல் பௌத்த மிஷனரி சங்கத்தை நிறுவினார். பினாங்கில் அமெரிக்கரான சுமங்கலோ தேரர் 1955 முதல் இளைஞர் குழுக்களை வளர்த்தார். மலேசியப் பௌத்த இளைஞர் சங்கம் 1970இல் உருவானது. பல்கலைக்கழகப் பௌத்த மாணவர் சங்கங்கள் இந்த அலையின் பிள்ளைகள். தியானம், தம்ம உரை, விசாகக் கொண்டாட்டம், வீட்டைப் பிரிந்த முதலாண்டு மாணவருக்குத் துணை ஆகியவை அவற்றின் வேலை.

கெடாவிலும் பின்னர் பல்கலைக்கழகங்கள் வந்தன. சிந்தோக்கின் வட மலேசியப் பல்கலைக்கழகம் 1984இலும், மலேசிய இந்தியக் காங்கிரஸின் (ம.இ.கா.) கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. நிறுவிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001இலும் தொடங்கின. எய்ம்ஸ்ட் வளாகம் இருக்கும் செமிலிங், புஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்து அகழாய்வு இடத்துக்கு மிக அருகில் உள்ளது.

பழங்கால ஏற்பாட்டுக்கும் இன்றையதற்கும் பெரிய வேறுபாடு பொருளுதவியில்தான். அன்று ஊர் வருவாயே எழுதி வைக்கப்பட்டது. இன்று நன்கொடையும் தொண்டர் உழைப்புமே முதல். மூன்று நான்கு ஆண்டுகளில் மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுவதால், சங்கத்தின் பொறுப்பும் அடிக்கடி கைமாறுகிறது. நிலையான ஆளும் நிலையான வருவாயும் அமையாதவரை இந்தத் துணை அந்தந்த ஆண்டு நிர்வாகத்தின் ஊக்கத்தைப் பொறுத்தே நிற்கும்.