அத்தூர் தந்த கிருமி

மருத்துவ நூல்களில் 'எல் டோர்' எனக் குறிக்கப்பெறும் காலராக் கிருமி ஒன்று உண்டு. அது மேலைநாட்டு அறிஞர் எவருடைய பெயருமன்று. சினாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள அத்தூர் என்னும் சிற்றூரின் பெயரே ஐரோப்பியர் எழுத்தில் அவ்வாறு திரிந்தது. திருக்குர்ஆனின் 52ஆவது அத்தியாயத்திற்கும் அத்தூர் என்றே பெயர். மூஸா (அலை) அவர்களின் வரலாற்றோடு இணைந்த மலையைக் குறிக்கும் சொல் ஒரு நோய்க்கிருமிக்குப் பெயரானது எங்ஙனம்?

1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் காலரா பெருகியது. ஏறத்தாழ 15,000 ஹாஜிகள் மடிந்ததாக அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. எஞ்சியோர் கப்பலேறித் திரும்பியபோது நோய் எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் பரவியது. அதன் விளைவாக 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் உலக நாடுகளின் சுகாதார மாநாடு கூடியது. பின்னர் செங்கடல் வழியில் தடுப்புக் காவல் நிலையங்கள் வலுப்பெற்றன. இந்தியாவிலிருந்து சென்ற கப்பல்கள் கமரான் தீவில் நிறுத்தப்பட்டன. ஹஜ்ஜை முடித்து வடக்கே திரும்பியோர் அத்தூரில் இறக்கப்பட்டனர்.

கொள்ளைநோய்க் காலப் பயணம் குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த அறிவுரையை அறிந்த சமுதாயத்திற்குத் தடுப்புக் காவல் புதிய கருத்தன்று. ஆயினும் நோயுடையார் யார், நோயற்றார் யார் எனப் பிரித்தறியும் வழி இல்லாதவரை, பயணிகள் அனைவரும் ஐயத்திற்குரியவராகவே நடத்தப்பட்டனர்.

அவ்வழியை ஆய்வுக்கூடம் திறந்தது. இராபர்ட் கோக் 1883இல் அலெக்சாந்திரியாவிலும், தொடர்ந்து கல்கத்தாவிலும் ஆராய்ந்து, காற்புள்ளி போல் வளைந்த கிருமியே காலராவுக்குக் காரணம் என நிறுவினார். ஆனால் வடிவம் மட்டும் போதிய சான்றாகாது. ஆற்றிலும் கடலிலும் வாழும் தீங்கற்ற கிருமிகள் பலவும் அவ்வாறே வளைந்திருக்கும். எனவே கிருமியை முதலில் காரத்தன்மை கொண்ட பெப்டோன் நீரில் வளர்ப்பர். பிற கிருமிகளை முந்திக்கொண்டு அது மேற்பரப்பில் பெருகும். அங்கிருந்து எடுத்துத் தட்டில் பரப்பித் தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரிப்பர். 1896இல் குரூபரும் டர்ஹாமும் மற்றொரு சோதனையைத் தந்தனர். காலராக் கிருமி செலுத்தப்பட்ட விலங்கின் சீரத்தோடு கலக்கும்போது, அதே இனக் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், வேற்றினமாயின் திரள்வதில்லை.

1905இல் அத்தூர் நிலையத்தில் மரணமுற்ற ஹாஜிகளின் குடலை ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவர் கோட்ஷ்லிக், வளைந்த கிருமிகளைப் பிரித்தெடுத்தார். அவை காலராச் சீரத்தில் தெளிவாகத் திரண்டன. ஆனால் மரித்தவர்களிடம் காலராவின் அறிகுறி எதுவும் காணப்படவில்லை. சீரம் ஒன்றைக் கூறியது. நோயாளியின் உடல் வேறொன்றைக் கூறியது. அவ்வாண்டே கிரவுஸ், பிரிப்ராம் ஆகிய இருவரும் இக்கிருமிகள் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதைக் கண்டனர். கோக் கண்ட கிருமிக்கு இப்பண்பு இல்லை. ஆகவே இது காலரா அன்று, வேறொன்று என வாதிட்டோர் பலர்.

இது அறிஞர்களுக்குள் நிகழ்ந்த வெறும் சொற்போர் அன்று. காலராக் கிருமி என முடிவு செய்தால், நோயற்ற ஹாஜியும் ஆபத்தானவராகக் கருதப்பட்டுக் காவலில் வைக்கப்படுவார். அன்று என முடிவு செய்தால், மெய்யான ஆபத்து கவனிப்பாரின்றிப் போகக்கூடும்.

அரை நூற்றாண்டுக் காலம் இரண்டாம் கருத்தே மேலோங்கி நின்றது. 1937இல் இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் இக்கிருமி உயிர்களைப் பறித்தபோதும், அது காலராவை ஒத்த வேறு நோய் என்றே வகைப்படுத்தப்பட்டது. 1961இல் அதே தீவிலிருந்து புறப்பட்டு நாடு நாடாகப் பரவியபின் அந்த வேற்றுமை நிலைக்கவில்லை. 1962இல் எல் டோர் நோயையும் காலரா என்றே கொள்ள வேண்டுமென உலக சுகாதார அமைப்பு முடிவு செய்தது. 1964இல் அது இந்தியாவை எட்டியது. ஏழாம் உலகக் கொள்ளைநோய் எனப்படும் அப்பரவல் இன்றும் ஓயவில்லை.

இதிலொரு படிப்பினை உண்டு. பிற்காலத்தில் கிடைத்த எல் டோர் கிருமிகள் பல, இரத்த அணுக்களைச் சிதைக்கும் பண்பை இழந்திருந்தன. எந்த அடையாளத்தைக் கொண்டு அதனை வேறென்று பிரித்தனரோ, அவ்வடையாளமே நிலையற்றதாயிற்று. கோழியின் சிவப்பணுக்களைத் திரளச் செய்தல், பாலிமிக்சின் மருந்தைத் தாங்குதல் எனப் பல சோதனைகளைச் சேர்த்தே முடிவு காண வேண்டியதாயிற்று.

இதன் மறுபக்கத்தைத் தமிழகம் கண்டது. 1992 அக்டோபரில் சென்னையில் காலரா நோயாளிகளிடம் கிடைத்த கிருமி, வழக்கமான காலராச் சீரத்தில் திரளவில்லை. அத்தூரில் சீரம் இசைந்தது, நோய் காணவில்லை. சென்னையில் நோய் கண்முன் நின்றது, சீரம் இசையவில்லை. சோதனை பொய்த்ததென அதனை ஒதுக்கிவிடவில்லை. அறியப்பட்டிருந்த 138 வகைச் சீரங்களோடும் ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தாமை கண்டு, 1993இல் அதற்கு 'ஓ 139 வங்கம்' எனப் பெயரிட்டனர். வங்காள விரிகுடாவின் கரைகளில் பரவியதால் அப்பெயர் வந்தது. பழைய காலராவினால் பெற்ற எதிர்ப்பாற்றல் இதனிடம் பயன்படாமையால், முதியோரும் இளையோரும் ஒருங்கே பாதிக்கப்பட்டனர்.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஓர் அறிவிப்பை ஏற்குமுன் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நம்பகத்தன்மையையும் ஆராய்வர். வேறு வழிகளில் வந்த அறிவிப்புகளோடும் ஒப்பிடுவர். ஆய்வுக்கூடத்தின் ஒவ்வொரு சோதனையும் ஒரு சாட்சியைப் போன்றது. தனியொரு சாட்சியின் சொல்லை நம்பி ஒரு கிருமியை விடுவித்ததற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. சான்று எதுவுமின்றி ஒரு கூட்டத்தார் முழுவதையும் ஐயுற்றதும் அதற்கு முன் நிகழ்ந்ததே. இவ்விரு தவறுகளுக்கும் நடுவே பொறுமையோடு உண்மையைத் தேடிச் செல்லும் பாதைதான் அறிவியல். அத்தூரின் பெயரைத் தாங்கிய கிருமி நமக்கு உணர்த்துவது அதனையே.