தரை, பெஞ்சு, நாற்காலி

கோவையின் நகர மண்டபப் பகுதியில் ஒரு சாலைக்கு வெரைட்டி ஹால் ரோடு என்று பெயர். மன்னர்களின் பெயரையும் கலெக்டர்களின் பெயரையும் சாலைகள் சுமப்பது வழக்கம். ஒரு திரையரங்கின் பெயரைச் சுமக்கும் சாலை அரிது. அந்த அரங்கு பின்னாளில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறியது. நூறு வயதைக் கடந்தபின் கட்டடமும் இடிக்கப்பட்டது. சாலை மட்டும் பழைய பெயரை விடவில்லை. திருப்பூர் நல்லூர்க்காரர்களாகிய எங்களுக்கு அது அயலூர்ச் சாலை அன்று. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமாகும்வரை கோவையே எங்கள் மாவட்டத் தலைநகர். கொங்கு நாட்டில் படம் பார்த்தலின் வரலாற்றைத் தேடிப் புறப்படுபவர் யாராயினும் முதலில் அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அரங்கைக் கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-இல் கோவையில் பிறந்தவர். திருச்சியில் ரயில்வே ஊழியர். 1905-இல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்து, அதற்குமேல் தொடர இயலாத நிலையில், தம் கருவியையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். விலை 2,250 ரூபாய். ஒரு ரயில்வே ஊழியருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்லத் தேவையில்லை. பணத்தைத் திரட்டிக் கருவியை வாங்கிய வின்சென்ட், வேலையை விட்டார். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டார். அவரிடமிருந்த சுருள்களில் ஏசுவின் வாழ்க்கையும் ஒன்று. 1909-இல் சென்னை எஸ்பிளனேடு திடலில் கூடாரம் அடித்தார், பர்மாவரை போய்வந்தார். இந்த அலைச்சலெல்லாம் முடிந்து 1914-இல் பிறந்த ஊரில் எழுப்பிய நிலையான அரங்குதான் வெரைட்டி ஹால். படம் காட்டுவதற்காகக் கொண்டுவந்த மின்சாரத்தைக் கொண்டு அச்சகமும் மாவு ஆலையும்கூட நடத்தினார் என்பது அவருடைய வணிகக் கூர்மைக்குச் சான்று. பின்னர் 1933-இல் கல்கத்தா நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 'வள்ளி திருமணம்' படத்தைத் தயாரித்ததும், கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவின் தொடக்கத்தில் பங்குகொண்டதும் பலரும் எழுதியுள்ள செய்திகள். அவற்றைவிட எங்களை ஈர்ப்பது வேறொன்று: இத்தகைய அரங்குகளில் யார் எங்கே உட்கார்ந்தார்கள்?

நாடகக் கொட்டகையின் முறை எளியது. மேடைக்கு அருகில் பெரிய மனிதர்களின் நாற்காலிகள். காசு குறையக் குறைய இடம் பின்னால் போகும். நடிகரின் முகமும் பாட்டும் நெருக்கத்தில்தான் சுவைக்கும் என்பதால் அது இயல்பே. சினிமா இதைத் தலைகீழாக்கியது. திரையை ஒட்டி உட்கார்ந்தால் கண் வலிக்கும், கழுத்தும் வலிக்கும். ஆகவே முன்வரிசை ஏழைக்குப் போயிற்று. நாற்காலிக்காரர் பின்னால் நகர்ந்தார். முதலில் தரை, அடுத்துப் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. டூரிங் டாக்கீஸ் காலம் முழுவதும் இதுவே ஒழுங்கு. தரை என்றால் வெறும் மணல். முன்னால் இருப்பவரின் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். பின்னால் இருப்பவரும் குவிப்பார். பிறகு சண்டை வரும். பெண்களுக்குத் தனிப் பகுதி, நடுவே இடுப்பளவுத் தடுப்பு. ஒற்றைக் கருவிதான் என்பதால் சுருள் மாற்றும் ஒவ்வொரு முறையும் விளக்கு எரியும். முறுக்கும் சோடாவும் சுற்றி வரும்.

தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் சினிமா அரங்குதான் என்றும், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பார்ப்பவரின் சமூகப் படிநிலை அன்று, டிக்கெட் வாங்கும் சக்தியே என்றும் கா. சிவத்தம்பி 1981-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் சுட்டிக்காட்டினார். இதன் கனத்தை உணர ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். வெரைட்டி ஹால் திறந்தது 1914. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947. கொங்குக் கிராமங்களின் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் ஒழியவில்லை. டிக்கெட் கொடுப்பவர் மட்டும் காசைத்தான் பார்த்தார்.

இதைப் புரட்சி என்று கொண்டாடிவிட எங்களுக்குத் தயக்கம் உண்டு. தரையில் உட்கார்ந்தவர் யார்? பண்ணைக் கூலியும் ஆலைக் கூலியும்தான். அவர்கள் கையில் காசில்லாமற் போனதற்குப் பிறப்பும் ஒரு காரணம் அல்லவா? பிறப்பு வாசலில் கழற்றிவைக்கப்படவில்லை. பணமாக மாறுவேடம் பூண்டு உள்ளே வந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு இருந்தது. போனஸ் வாங்கிய வாரத்தில் ஆலைத் தொழிலாளி நாற்காலி டிக்கெட் கேட்டால் மறுக்க விதி இல்லை. கோயிலிலோ கடையிலோ எந்தப் போனஸும் அதைச் செய்யாது. பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்து கோவைச் சீமையெங்கும் ஆலைகள் பெருகியபோது, மாதக் கடைசியில் கையில் கூலியோடு நின்ற ஒரு புதிய கூட்டம் உருவாயிற்று. அந்தக் கூட்டத்தைக் கண்டு படித்த மேட்டுக்குடியினர் முகம் சுளித்ததையும், சினிமாவைக் கீழ்த்தரக் கேளிக்கையாகக் கருதியதையும் எம்.எஸ்.எஸ். பாண்டியன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்தச் சுளிப்பில் படத்தின் தரத்தைப் பற்றிய கவலை பாதிதான் என்பது எங்கள் எண்ணம். மீதிப் பாதி, பக்கத்துப் பெஞ்சில் யார் இருக்கிறார் என்பதைப் பற்றியது.

பின்னர் அரங்குகள் பெருத்தன. 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் 2,500-க்கும் மேற்பட்டோர் அமரலாம். அதுவும் இன்று இல்லை. அவ்விடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது. பனியன் தொழிலால் பெருத்த எங்கள் திருப்பூரிலும் பேரங்குகளைச் சிறு அரங்குகளாகக் கூறுபோடும் காலம் வந்தது. மணல் போயிற்று, பெஞ்சு போயிற்று, பெண்கள் தடுப்பும் போயிற்று. எல்லாம் மெத்தை நாற்காலி. தரை டிக்கெட் என்ற சொல் மட்டும் மட்டமான ரசனையைக் குறிக்கும் வசையாக மிஞ்சியது. அதைச் சொல்பவர்களில் பலர் தங்கள் பாட்டனார் எங்கே உட்கார்ந்து படம் பார்த்தார் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

சென்ற முறை கோவை போனபோது எங்களில் ஒருவர் அந்தச் சாலையில் நின்று, வெரைட்டி ஹால் எங்கே இருந்தது என்று ஓர் இளைஞரிடம் கேட்டார். இதுதாங்க வெரைட்டி ஹால் என்று அவர் சாலையைக் காட்டினார்.