நிலக்கரித் தாரிடம் தோற்ற நீலகிரிச் செடி

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் விற்கப்படும் மூட்டுவலித் தைலங்கள் பலவற்றின் மணம் மெத்தில் சாலிசிலேட் என்னும் சேர்மத்தினுடையது. இன்று அது பெரும்பாலும் ஆலைகளில் செய்யப்படுகிறது. அதையே தன் இலைகளில் தேக்கிவைத்திருக்கும் ஒரு புதர்ச்செடி மூணாற்றிலும் நீலகிரியிலும் சோலைக்காடுகளின் ஓரங்களில் வளர்கிறது. வெண்ணிற மணிப்பூக்களும், நீலம் பாய்ந்த உண்ணத்தக்க சிறு கனிகளும் உடைய இதன் அறிவியல் பெயர் கால்தீரியா ஃபிராக்ரன்டிசிமா.

'கால்தீரியா' என்பது கனடாவின் கியூபெக் நகரில் வாழ்ந்த கோத்தியே என்னும் பிரெஞ்சு மருத்துவரின் பெயர். 1749இல் அங்குச் சென்ற லின்னேயஸின் மாணவர் பேர் கால்ம், குளிர்நிலத்தில் தரையொட்டிப் படர்ந்து செங்கனி தரும் சிறு செடிக்கு அவர் பெயரைச் சூட்டினார். அதன் உறவினமான நம் செடியோ, புதுச்சேரியிலிருந்து நீலகிரிக்கு வந்த லெஷெனோவின் பெயரையும் 19ஆம் நூற்றாண்டு நூல்களில் சுமந்தது. இரண்டும் பிரெஞ்சுப் பெயர்கள். அம்மலைகளில் வாழ்ந்த தோடர், படகர், இருளர் எவருடைய சொல்லும் அதில் ஏறவில்லை.

1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு புண்கள் சீழ்ப்பிடிப்பதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். மருத்துவமனைகளுக்கு அவ்வமிலம் தேவைப்பட்டது; அது நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்பட்டுக் கப்பலில் வந்தது. அக்காலத்தில் உதகையில், சின்கோனாப் பட்டையை ஆராய்வதற்கென்று சென்னை அரசு அமர்த்தியிருந்த வேதியியலாளர் ஜான் புரோட்டன், இச்செடியின் எண்ணெயையும் ஆராய்ந்தார். எண்ணெயிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பிரித்துச் சுண்ணாம்புடன் சேர்த்துச் சூடாக்கினால் கார்பாலிக் அமிலம் கிடைக்கும். கிடைத்தது தூய்மையானதே, ஆனால் தாரிலிருந்து பெறுவதன் விலையோடு அது போட்டியிட இயலவில்லை. திட்டம் அத்துடன் நின்றது.

செயற்கைப் பொருளிடம் இயற்கைப் பயிர் தோற்றதற்கு நாம் வழக்கமாகக் காட்டும் சான்று அவுரி. செயற்கை அவுரி 1897இல்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு முன்பே, பயிராகும் முன்னரே தோற்றது இச்செடி. (அவுரிக்குக் கிளர்ச்சியும் விசாரணைக் குழு அறிக்கையும் உண்டு, இதற்கு விலைக் கணக்கு மட்டுமே.) தோட்டப் பயிராகாததால் செடி தப்பியது என்று எண்ணவும் வழியில்லை. அதன் வாழிடத்தின் பெரும்பகுதியைத் தேயிலையும் சீகை மரமும் யூகலிப்டசும் எடுத்துக்கொண்டன. இன்றும் நீலகிரியில் சிறிதளவு இவ்வெண்ணெய் வடிக்கப்படுகிறது. ஆயினும் தமிழில் 'நீலகிரித் தைலம்' என்றால், ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட யூகலிப்டசின் எண்ணெயைத்தான் நாம் குறிக்கிறோம்.