மதுரை வட்டார வெள்ளக் காப்பும் மக்கள் மீட்புப் பணியும்

பெருமழைக் காலத்தில் வைகைக் கரையையும் கண்மாய்க் கரைகளையும் காப்பதற்கும், நீர் சூழ்ந்தோரை மீட்பதற்கும் மதுரை நகரிலும் சுற்றியுள்ள சமவெளியிலும் ஊராரும் அரசும் மேற்கொள்ளும் பணிகள். இவற்றின் வேர் கண்மாய்ப் பராமரிப்பில் உள்ளது.

நிலவமைப்பு

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை சுமார் 258 கி.மீ. நீளமுடையது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு, வடகிழக்குப் பருவமழையில் திடீரெனப் பெருகும். சமவெளிக் கண்மாய்கள் தொடராக அமைந்தவை. மேற்கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்கண்மாய்க்குச் சேரும். மேலே உடைப்பு ஏற்பட்டால் கீழுள்ள கரைகளும் தாங்குவது அரிது. ஆகவே கரைக்காவல் ஓர் ஊரின் தனிக் கவலையாக ஒருபோதும் இருந்ததில்லை.

மரபு

வைகையின் புதுவெள்ளத்தைப் பரிபாடல் விரிவாகப் பாடுகிறது. அகநானூற்றின் 252ஆம் பாடல், மகளைக் காத்து உறங்காதிருக்கும் தாய்க்குப் பெருங்குளத்தின் காவலனை உவமையாக்குகிறது. மழை இரவில் கரையில் விழித்திருக்கும் பொறுப்பு சங்க காலத்திலேயே நிலைபெற்றிருந்ததற்கு இது சான்று.

திருவிளையாடற் புராணத்தின் பிட்டுக்கு மண் சுமந்த கதையும் கரையடைப்புப் பணியைப் பற்றியதே. வைகை பெருகியபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டுமென்று பாண்டியன் ஆணையிட்டான். ஆளில்லாத மூதாட்டி வந்திக்காகச் சிவபெருமான் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்தார். கரையைப் பங்கிட்டு அடைக்கும் முறையையும், ஆளில்லா வீட்டின் பங்கு அடைபடாமல் நிற்கும் சிக்கலையும் கதை தெளிவாகக் காட்டுகிறது. ஆவணி மாதத்தில் மதுரை ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் இக்கதையை நினைவுகூரும் பிட்டுத் திருவிழா நடைபெறுகிறது.

ஊர்களில் மடை திறப்பதையும், மிகுநீர் வெளியேறும் கலுங்கைப் பார்ப்பதையும் நீர்க்கட்டி, மடைக்குடும்பன் போன்ற நீர்ப் பணியாளர்கள் ஏற்றனர். தூர் வாருதலும், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலின் சீரமைப்பும் குடிமராமத்தாக ஊர் கூடிச் செய்யப்பட்டன.

சட்டமும் அணையும்

சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டு முதலாம் சட்டம், வெள்ள ஆபத்தின்போது கரை காக்க ஊராரைக் கட்டாயமாக அழைக்க அதிகாரம் தந்தது. ஊர் வழக்கமாக நடந்த கடமை இதனால் சட்டக் கட்டளையாகி, பின்னர் தளர்ந்தது.

1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுக்கப்படும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கரையோர மக்களுக்கு இதுவே முதன்மையான முன்னறிவிப்பு.

இன்றைய நிலை

2024 அக்டோபர் 25 அன்று மதுரை நகரில் 15 நிமிடங்களில் சுமார் 4.5 செ.மீ. மழை கொட்டியதில் செல்லூர், நரிமேடு, ஆலங்குளம் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. இதையடுத்துச் செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்கு 11.9 கோடி ரூபாயில் சிமென்ட் கால்வாய் அறிவிக்கப்பட்டது. மீட்புக்குத் தீயணைப்புத் துறை, பேரிடர் மீட்புப் படைகள், பயிற்சி பெற்ற முதல்நிலை மீட்பாளர்கள், ஆப்த மித்ரா தன்னார்வலர்கள் உள்ளனர். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. தன்னார்வலர் பயிற்சியில் தம் பகுதிக் கண்மாயின் கலுங்கையும் வரத்துக்காலையும் அறிவது இன்றியமையாத பாடமாக வேண்டும்.